டெட்டால் துணி

அந்தப் படத்தை நிறுத்து பாப்பா. கோவிச்சுக்காதே. அடுத்தவுக போனை எட்டிப் பாக்கறது தப்புதான். நான் எட்டிப் பாக்கலை, கண்ணுல பட்டுருச்சு. மஞ்சப் போர்டு, கறுப்பு எழுத்து, எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. அதுக்குப் பின்னால புல்லாங்குழல் வேற. என்னமோ செத்துப்போன சொந்தக்காரவுகளைக் காட்டுற மாதிரி காட்டுறான். அடுத்து கோலி சோடாவைக் காட்டுவான், அப்புறம் தேன்மிட்டாய், மண்ணெண்ணெய் பம்பு. கீழ அத்தனை பேரும் அழுகிற பொம்மை போட்டு வச்சிருக்கான். அந்தக் காலம் திரும்பி வருமான்னு ஒருத்தன் கேக்குறான். வரக்கூடாது. வந்தா வெளக்கமாத்தோட முதல் ஆளா நான் நிப்பேன்.

ஏன்னா நான் அந்த டெலிபோன் கூண்டுல வேலை பாத்தவ. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, சாரல் அடிக்குது. ஆங், போதும். இந்தக் கம்பியைத் தொடாதே, இரு, துடைச்சு விடுறேன். எத்தனை பேரு கை பட்டதோ. சிரிக்காதே. பையில எப்பவும் ஒரு துணி வச்சிருப்பேன், டெட்டால் நனைச்சு. அந்தக் கடையில வந்த பழக்கம், விடலை.

உன் படத்துல நாத்தம் தெரியுமா? தெரியாது. கண்ணாடிக் கூண்டு, ஒரு ஆளு நிக்கலாம். மேல சின்னதா ஒரு ஃபேன். அது ஓடுனா பேச்சு கேக்கலைன்னு நிறுத்திப்புட்டுப் பேசுவாக. உள்ள போறவன் வெத்தலையோட போவான், பீடியோட போவான், மீன் மார்க்கெட்டுலேர்ந்து கை கழுவாம நேரா வருவான். பேசிட்டு வெளிய வந்தா ரிசீவர்ல சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். அழுகுறவ மூக்கைச் சிந்திக் கண்ணாடியில தடவிட்டுப் போவா. தலையில வழிய வழிய எண்ணெய் வச்சுக்கிட்டு சாஞ்சு நின்னு பேசுவாளுக, மண்டை அச்சு அப்படியே கண்ணாடியில நிக்கும். கல்யாணம் நிச்சயமான பயலுக ரிசீவருக்கு முத்தம் குடுப்பானுக. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. டேய், அது கண்ணாடிடா, செவுரு இல்லை. முத்தம் குடுக்கிறது நீ, துடைக்கிறது நான். கருமம்.

நீ காதுல மாட்டியிருக்கியே, அதை என்னைக்காவது துடைச்சிருக்கியா? பாத்தியா, முழிக்கிற.

நான் எங்க இறங்கணுமா? டிக்கெட் பேராவூரணிக்கு எடுத்திருக்கேன். அங்க எங்க அக்கா வீடு. ஆனா நடுவுல அறந்தாங்கியில ஒரு விசேஷம். நாளைக்குக் காலையில. அந்த பூத்து முதலாளிக்கு அறுபதாம் கல்யாணம். நான் போயித்தான் ஆகணுமாம், நான் இல்லாம தாலி ஏறாதாம். போறதா வேண்டாமான்னு புதுக்கோட்டையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். அதனாலதான் பேராவூரணி டிக்கெட். இறங்கணும்னா இறங்கலாம், இல்லாட்டிப் போயிக்கிட்டே இருக்கலாம். காசு கூடப் போகட்டும், கழுதை.

இந்தப் பையில இருக்கிறது அவுகளுக்கு எடுத்த துணிதான். ஒரு பட்டு வேட்டி, ஒரு சேலை. வேட்டிக்குக் கடை கடையா ஏறி இறங்கினேன். கரை சரியா அமையணும்ல, அவுக நிறத்துக்கு எல்லாக் கரையும் எடுக்காது. சேலை, கையில வந்ததை எடுத்தேன்.

முதல்லேர்ந்து சொல்றேன் கேளு. பஸ்ஸு என்ன பறக்கவா போகுது.

எட்டாவது பாதியில என்னை நிறுத்திட்டாக. சவுக்கு வெட்டப்போன இடத்துல எங்கப்பாவுக்கு முதுகு போயிருச்சு, படுத்துட்டாரு. தீப்பெட்டி ஒட்டினேன், மொளகா காம்பு கிள்ளினேன், கை எரிச்சல் தாங்காம அழுதேன். அப்புறம்தான் இந்த பூத்து. முதலாளி பேரு காசிலிங்கம். சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப்போச்சு. ரெண்டு கக்கத்துலயும் கட்டை வச்சுத்தான் நடப்பாக. அப்படி இருக்கிறவுகளுக்குன்னு கவர்மெண்டுல குடுத்த பூத்து அது. ஆளு நல்ல நிறம், நெத்தியில எப்பவும் ஒரு கீத்துத் திருநீறு. குரல் நல்ல கணீர்னு இருக்கும். கூண்டுக்குள்ள நின்னு பேசுறவன் குரலை விட மேசையில உக்காந்திருக்கிற அவுக குரல்தான் எதிர்முனைக்குக் கேக்கும்னு ஊர்ல கேலி பேசுவாக.

ஊரே அவுகளை அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடும். பூக்காரி அண்ணேம்பா, டீ மாஸ்டரு அண்ணேம்பாரு, எண்பது வயசுக் கிழவி அண்ணேம்பா. நான் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலாளின்னுதான் கூப்பிடுவேன். வேலை வேற, உறவு வேற. அந்த முறையை நான் கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கலை.

தினம் பாவாடை தாவணியைத் தேச்சு, கனகாம்பரம் வச்சு, பவுடர் போட்டுத்தான் போவேன். கடைன்னா ஒரு லட்சணம் வேணாமா? ஊர் நம்பர் எல்லாம் மனப்பாடம். மெட்ராஸ், மதுரை, கோயமுத்தூரு, சிங்கப்பூரு, குவைத்து. யாராச்சும் ஊர்ப் பேரைச் சொன்னாப் போதும், விரல் தானாப் போயிரும். "அமுதவல்லி கை பட்டா லைன் உடனே கிடைக்குதுப்பா" அப்படின்னு முதலாளி வந்தவுககிட்ட எல்லாம் சொல்லுவாக. அந்தக் கோடையில ஒரு டேபிள் ஃபேன் வாங்கினாக. பேசுன காசு காட்டுற மீட்டர் சூடாகுது, அதுக்கு வேணும்னாக. மீட்டர் அந்தப் பக்கம் இருந்துச்சு, ஃபேன் என் பக்கம் திரும்பி இருந்துச்சு. நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிறவ இல்லை. சும்மா சொல்றேன்.

மேசையில ஒரு போன் இருக்கும், அது என்கிட்ட. கூண்டுக்குள்ள ஒண்ணு, ரெண்டும் ஒரே லைன். நான் நம்பரைப் போட்டு, மணி அடிச்சு, எதிர்ல எடுத்ததும் பேசுங்கன்னு கையைக் காட்டணும். அப்புறம் நான் வச்சிரணும். வைப்பேன். சில நேரம் வைக்கிறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். ஒட்டுக் கேக்கிறதுன்னு நெனச்சுராதே. லைன் அந்துராம பாக்கணும்ல? பாதியில அந்து போச்சுன்னா யாரு பொறுப்பு? அப்படிப் பாக்கிறப்ப காதுல விழுகும். விழுகிறதைத் தடுக்க முடியுமா? அப்பன் சாகக் கிடக்கான்னு பொய் சொல்லிப் பணம் கேப்பான். இங்கிட்டு ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அங்கிட்டு ஒருத்திகிட்ட கொஞ்சுவான். அந்த வாய்தான் அந்த ரிசீவரைத் தொடும். வெளிச்சுண்ணாம்பைத் துடைச்சுப்புடலாம் பாப்பா, உள்ள கேட்டதைத் துடைக்க முடியாது.

அப்பல்லாம் எல்லா வீட்டுலயும் போன் ஏது? வெளிநாட்டுல இருக்கிறவுக பூத்து நம்பருக்கே கூப்பிடுவாக. வீட்டுப் பொம்பளைக வந்து பெஞ்சுல உக்காந்திருப்பாக. குவைத்துல வெள்ளிக்கிழமை லீவு. அதனால வெள்ளிக்கிழமை வந்தா நம்ம கடை பெஞ்சு கோயில் பிரகாரம் மாதிரி ஆயிரும். மல்லிப்பூவும் மஞ்சளும் பிள்ளை மூத்திரமுமா ஒரு நாத்தம்.

அதுல ஒருத்தி இந்துராணி.

பேரு மட்டும்தான் ராணி. புருசன் ரெங்கராசு குவைத்துல ஏசி மெக்கானிக். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் கூட ஒண்ணா இல்லை, பறந்துட்டான். முதல்ல மாமியாக்காரியோட வருவா. அப்புறம் மாமியாளுக்கு முட்டிவலி, இவ தனியா வர ஆரம்பிச்சா. வந்தா சும்மா உக்காரமாட்டா. பெஞ்சுல இருக்கிற பிள்ளைகளைத் தூக்கி வச்சுக் கொஞ்சுவா, மூக்கு ஒழுகிற பிள்ளையா இருந்தாலும் முந்தானையால துடைச்சு விடுவா. அதே முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்குவா. ச்சை. அவல் உருண்டை புடிச்சு டப்பாவுல கொண்டாருவா, "அண்ணே, ஒரு வாய்"ன்னு நீட்டுவா. முதலாளி வாங்கி மீட்டர் மேலயெல்லாம் சிந்திச் சிந்தித் திம்பாக. எறும்பு வரும். எனக்கும் நீட்டுவா. எனக்கு வயிறு சரியில்லைன்னுருவேன். அவ கைநகத்துல மருதாணி அழுக்கு.

பேச்சுன்னா பேச்சு. மாமியாளுக்குக் கோழி பயந்ததைச் சொல்லுவா, மச்சான் வேட்டி கட்டத் தெரியாம விழுந்ததைச் சொல்லுவா. முதலாளி சிரிப்பாக. நான் வேலைக்குச் சேந்து எத்தனை காலமாச்சு, அவுக பல்லை நான் பாத்ததில்லை. அவ வந்தாத்தான் தெரியும், கடைவாய்ப் பல்லு ஒண்ணு அவுகளுக்கு இல்லைங்கிறதே. எனக்கென்ன, சிரிக்கட்டும். ஆனா கடையில வேலை கெடும்ல?

ஒருநாள் புருசன்கிட்ட பேசி முடிச்சு வெளிய வர்றா, சிரிச்சுக்கிட்டே வர்றா. "அக்கா, நீங்க ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்க மூச்சு இழுக்கிறது குவைத்து வரைக்கும் கேக்குதாம். என்னடி, வீட்டுல பூனை வளக்குறியான்னு கேக்குறாரு அவரு"ங்கிறா.

பெஞ்சு முழுக்கச் சிரிச்சுச்சு. அது போகட்டும். முதலாளி சிரிச்சாக. மேசையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சாக.

எனக்குச் சின்ன வயசுலேர்ந்து மூக்கடைப்பு பாப்பா. வாயாலதான் மூச்சு விடுவேன். உடம்புல இருக்கிற குறையைச் சொல்லிச் சிரிக்கலாமா? அவுகளுக்குக் கால் குறை, எனக்கு மூக்குக் குறை. நான் என்னைக்காவது அவுக காலைப் பாத்துச் சிரிச்சிருப்பேனா? அன்னைக்கு வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னாடி நின்னு வாயை மூடி மூச்சு விட்டுப் பாத்தேன். முடியலை.

இப்ப எங்க வந்திருக்கோம்? இன்னும் அழியாநிலை வரலையா? அதுக்கு அடுத்து அறந்தாங்கிதான். சரி.

அதுக்கு அடுத்து வந்த ஐப்பசி. இந்த மாதிரிதான் மழை, விட்டு விட்டுக் கொட்டுது. வெள்ளிக்கிழமை. மழைன்னு பெஞ்சுல ஆளே இல்லை. இவ மட்டும் வந்து உக்காந்திருந்தா. முதலாளி எதுத்த டீக்கடைக்குப் போனவுக அங்கேயே மாட்டிக்கிட்டாக. இவ எந்திரிச்சா. "அண்ணன் பாவம் மழையில மாட்டிக்கிட்டு நிக்கிறாக, போயிக் கூட்டியாரேன்க்கா"ன்னு குடையை விரிச்சா. அந்தக் குடை என் குடை. கேக்கக்கூட இல்லை, எடுத்துட்டுப் போயிட்டா.

நான் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். ரோடு முழுக்கத் தண்ணி. அவுக மெதுவாத்தானே வருவாக. நடு ரோட்டுல நின்னு நின்னு, குடைக்குள்ள ரெண்டு பேரும். அவுகளுக்கு ரெண்டு கையும் கட்டையில இருக்கும், குடை பிடிக்க முடியாதுதான். அதுக்கு? கொஞ்சம் நனைஞ்சா கரைஞ்சா போயிருவாக? என்னமோ சொல்றா, அவுக அங்க நடு மழையில நின்னு சிரிக்கிறாக. அவ ஒரு பக்கத் தோள் முழுக்க நனையுது, குடையை அவுக பக்கமே சாச்சுப் பிடிச்சிருக்கா. அதெல்லாம் எதுக்கு?

அப்பத்தான் போன் அடிச்சுச்சு. ரெங்கராசு.

"இந்து இருக்காளா?"

"இருக்காக."

"குடுங்க."

"இங்க இல்லை. ரோட்டுல நிக்கிறாக."

"மழைச் சத்தம் கேக்குதே, ரோட்டுல என்ன பண்றா?"

"எங்க முதலாளியோட நிக்கிறாக. ஒரே குடைக்குள்ள. பேசிச் சிரிச்சு முடிச்சதும் வருவாக, நீங்க லைன்ல இருங்க"ன்னேன்.

அவ்வளவுதான் பாப்பா நான் சொன்னது. இதுல ஒரு எழுத்துப் பொய் இருக்கா? கேட்டான், சொன்னேன். கடைக்குக் கூப்பிட்டவன் கேட்டா, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லணும்னு முதலாளியேதான் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. அவன் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் டொக்குன்னு வச்சிட்டான்.

அவ உள்ள வந்து குடையை உதறுறா, தண்ணியெல்லாம் என் மேல தெறிக்குது. "அவரு கூப்பிட்டாரா அக்கா?"

"இல்லை"ன்னேன்.

கூப்பிட்டாருன்னு சொன்னா எதுக்கு வச்சாரு, என்ன சொன்னாருன்னு நூறு கேள்வி கேப்பா. இருக்கிற வேலையில அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? ரிசீவரை எடுத்துத் துடைச்சேன்.

அப்புறம் அவன் கூப்பிடவேயில்லை. இவ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து உக்காருவா. போன் அடிச்சா தூக்கிவாரிப் போட்டு நிமிருவா. நான் எடுத்து வேற பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவல் உருண்டை நின்னுச்சு, எறும்பு போச்சு, கடை சுத்தமாச்சு. பெஞ்சைத் துடைக்கணும், கொஞ்சம் எந்திரிங்கன்னா எந்திரிச்சு ஓரமா நிப்பா. முதலாளி என்னைப் பாத்து, "அமுதவல்லி, அவன் ரூம் நம்பருக்கு ஒரு போன் போட்டுத்தான் பாரேன்"ம்பாக. போடுவேன். மணி அடிக்கும், எவனோ எடுப்பான், ஆளு இல்லைம்பான்.

தை பொறக்குறதுக்குள்ள மாமியா வீட்டுல இவளை அனுப்பிட்டாக. ரெண்டு பக்கமும் பெரியவுக உக்காந்து பேசித் தீத்து விட்டுட்டாக. என்ன காரணம்னு கேட்டா, நடத்தை சரியில்லைன்னாகளாம். பாத்தியா? எங்கேயோ குவைத்துல இருக்கிறவனுக்குத் தெரிஞ்சது, எதுக்க உக்காந்திருந்த முதலாளிக்குத் தெரியலை.

பொறந்த வீட்டுல அண்ணன் பொண்டாட்டி சோத்தை வச்சுக்கிட்டே பேசுவா போல. ஒருநாள் ஒரு மஞ்சப்பையோட வந்து அதே பெஞ்சுல உக்காந்துட்டா. போன் வர்றதுக்கு இல்லை, சும்மா. முதலாளி அவளைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. "அமுதவல்லி, உனக்கும் ஒத்தாசையா இருக்கும். இந்தப் பிள்ளை இங்கேயே வேலை பாக்கட்டும்"னாக.

எனக்கா ஒத்தாசை? ஃபேனைத் தூக்கி ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சாக. அவ ரிசீவரைத் துடைக்கமாட்டா. "மனுசங்க வாய்தானேக்கா, விடுங்க"ம்பா. கூண்டுக்குள்ள நின்னு அழுகிறவளோட சேந்து இவளும் அழுவா, வெளிய வந்ததும் தண்ணி குடுப்பா. கடையா, சத்திரமா? அதுக்குன்னே கூட்டம் வர ஆரம்பிச்சுது. இந்து அக்கா இருக்காகளா, இந்து அக்கா இருக்காகளான்னு. லைன் போட்டது யாரு? நான்.

அப்படியே ஒரு வருசம் போச்சு. ஒருநாள் சாயந்தரம் அவளை டீ வாங்க அனுப்பிட்டு முதலாளி என்னைக் கூப்பிட்டாக. "அமுதவல்லி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளாவே கேக்கணும் கேக்கணும்னு நெனைக்கிறேன், வாய் வரலை"ன்னாக. அன்னைக்கு எனக்கு உடம்பு ஒரு மாதிரி சுடுற மாதிரி இருந்துச்சு. தாவணியெல்லாம் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். மழைக் காய்ச்சலா இருக்கும்.

"எனக்குக் கூடப்பொறந்தவுக யாரும் இல்லைன்னு உனக்குத் தெரியும். இந்துவைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். எனக்குத் தங்கச்சி முறையில நீ நின்னு நாத்தனார் முடிச்சுப் போடணும். உன்னைத் தவிர எனக்கு யாரு இருக்கா?"

அவுக கும்பிட்ட மாதிரி கேக்குறாக. வாயில டெட்டால் பட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. சரிங்க முதலாளின்னேன். வேற என்ன சொல்றது? முதலாளி சொன்னா செய்யணும்ல?

ஊருக்கு வெளிய ஒரு முருகன் கோயில்ல வச்சுக் கல்யாணம். அவுகளால நிக்க முடியாது, முக்காலியில உக்காந்துக்கிட்டு அவளைக் குனியச் சொல்லித் தாலியைக் கட்டினாக. முதல் முடிச்சு அவுக. மத்ததுக்கு நான். பின்னால நின்னு அவ பின்னலை ஒதுக்கினேன். கழுத்துல வேர்வை. மல்லிப்பூவும் வேர்வையும் மஞ்சளுமா... இப்ப நெனச்சாலும் விரல் நுனியில அந்தப் பிசுபிசுப்பு இருக்கு. கயிறு வழுக்குச்சு. ஒரு வினாடி சும்மா சுத்தி விட்டுறலாம்னு நெனச்சேன். யாருக்குத் தெரியப்போகுது? ஆனா வேலைன்னு வந்துட்டா அரைகுறையாச் செய்ய எனக்கு வராது பாப்பா. இழுத்து இறுக்கித்தான் போட்டேன்.

அடுத்த வாரமே வேலையை விட்டுட்டேன். டெட்டால் வாசம் ஒத்துக்கலைன்னு சொன்னேன். முதலாளி நம்பிட்டாக.

அப்புறம் எனக்கும் கல்யாணமாச்சு, புதுக்கோட்டையில அரிசி மில்லுல வேலை பாக்கிறவரு. நல்ல மனுசன்தான். சாப்பிடும்போது சத்தம் வரும். அந்த பூத்து ஜெராக்ஸ் கடையாகி, ரீசார்ஜ் கடையாகி, இப்ப பெரிய செல்போன் கடை. அவுக மகதான் நடத்துறா. கல்லாவுல முதலாளி உக்காந்திருக்காகளாம், தலையெல்லாம் வெள்ளையாம். நான் போயிப் பாக்கலை. எனக்கு அங்க என்ன வேலை?

போன வாரம் அவளே வீடு தேடி வந்துட்டா, பத்திரிகையோட. வெயில்ல வந்த வேர்வையோட என்னைக் கட்டிப்பிடிக்கிறா. "நாத்தனாரே, அன்னைக்கு நீங்க போட்ட முடிச்சை அவுக்க முடியாம, தாலி மாத்துறப்ப கத்தரிக்கோல்தான் போட்டோம். இந்தத் தடவையும் நீங்கதான் போடணும். நீங்க வராம அவுக மணையில உக்காரமாட்டாகளாம்"ங்கிறா. நான் குடுத்த தண்ணியை அண்ணாந்து குடிக்காம வாய் வச்சுக் குடிக்கிறா. அந்தச் சொம்பைப் புளி போட்டு விளக்கி எடுத்தேன்.

அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்து கூப்பிடுவாளா? அந்த ரெங்கராசுதான் அப்புறம் அவகிட்ட பேசவேயில்லையே. அவுக ரெண்டு பேரும் இப்ப பிள்ளை, கடைன்னு நல்லா இருக்காகன்னா அதுக்கு யாரு காரணம்னு அவளுக்குத் தெரியுமா? நான் அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னதுதான் காரணம். இதை வெளிய சொல்லிக்க முடியுமா? எவளும் நன்றி சொல்லமாட்டா.

அழியாநிலை தாண்டிட்டோமா? ஐயோ. நான் இறங்கலை பாப்பா. முடிவு பண்ணிட்டேன். மறுபடியும் அந்தக் கழுத்தை... என்னால முடியாது. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடணும், அதுதான் முறை. என் போனை வேணும்னே வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன், சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாகன்னு. உன் போன்ல ஒரு கால் போட்டுத் தர்றியா? இந்தா பத்திரிகை, அடியில நம்பர் இருக்கு. முதலாளி எடுத்தா, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்.

இரு, துடைச்சுக்கிறேன். கோவிச்சுக்காதே.

மணி அடிக்குது.

...

...

இந்தா. பிடி. வச்சிட்டேன்.

அவதான் எடுத்தா. நான் பேசலை. எப்படிப் பேசுறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள அவளே ஆரம்பிச்சிட்டா. யாரு யாருன்னு ரெண்டு தடவை கேட்டா, அப்புறம் சிரிக்கிறா. "அக்கா, மூச்சு கேக்குது"ங்கிறா. "புது நம்பரா இருந்தா என்ன, அந்த மூச்சு எனக்குத் தெரியாதா. எந்த பஸ்ஸுன்னு வீட்டு அண்ணன் போன்ல சொல்லிட்டாக. பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்"ங்கிறா. எங்க வீட்டு ஆளுதான் சொல்லியிருக்கு. அந்த மனுசனுக்கு வாய் நிக்காது பாப்பா. போன்ல ஒருத்தர் கேட்டா, உடனே எல்லாத்தையும் கொட்டிடறதா? ஒரு யோசனை வேணாமா?

அதோட விட்டாளா. "மழை தூறுதுக்கா, ஒரே ஒரு குடைதான் கொண்டாந்தேன். பரவாயில்லை. நம்ம ரெண்டு பேரும் ஒரே குடைக்குள்ள வந்துரலாம். யாரும் ஏதும் சொல்ல மாட்டாக"ன்னா.

யாரு சொல்லியிருப்பா இவளுக்கு? ம்? ரெங்கராசுவா? மாமியாளா? அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சா? தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குக் கழுத்தைக் குனிஞ்சு காட்டினா? முதலாளிக்கும்... ச்சை, இல்லை, அவுகளுக்குச் சொல்லியிருக்க மாட்டா. சொல்லியிருந்தா தங்கச்சின்னு... இல்லை.

பஸ்ஸு நின்னுருச்சு. அந்தா நிக்கிறா பாரு, கடலை வண்டிப் பக்கத்துல. நாளைக்கு மணையில உக்காரப் போறவ, இப்படி மழையில வந்து நிக்கலாமா? ஒரு பக்கத் தோள் முழுக்க நனையுது. எப்பவும் அப்படித்தான், குடையை ஒழுங்காப் பிடிக்கவே தெரியாது. சளி புடிச்சுக்கிட்டு நாளைக்கு ஓமப்புகையில இருமிக்கிட்டு உக்காந்திருப்பா, யாருக்கு அசிங்கம்? முதலாளிக்குத்தானே?

தள்ளு பாப்பா, காலை ஒதுக்கு. அந்தப் பையை எடு. வேட்டி மேல தண்ணி படாம பாத்துக்குடு. சேலை நனைஞ்சா நனையட்டும்... இல்லை, அதையும் உள்ள தள்ளு.

இறங்குறேன். ஆனா ஒண்ணு. அந்தக் குடைக்குள்ள மட்டும் நான் போகமாட்டேன். அவுக வீடு வரைக்கும் நனைஞ்சுக்கிட்டே வேணா நடப்பேன்.